சுருங்காத குரல்

மணலுக்கு நடுவே இருந்த அந்த வானிலை நிலையத்தில் யெஸ்லிம் ஒருவன்தான் ஆள். எங்கள் வழக்கப்படி மூன்று சுற்றுத் தேநீரையும் தானே போட்டுத் தானே குடிப்பான். செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. மதியத்தில் ஒரு முறை, செயற்கைக்கோள் வழியாக அத்தார் நகர அலுவலகத்துக்கு ஒரே ஒரு ஃபைல் அனுப்பலாம். அளவு கொஞ்சம் மீறினாலும் கருவி திருப்பித் தள்ளிவிடும்.

அலுவலகத்தில் அதை வாங்குகிறவன் தஹ்மான், யெஸ்லிமின் மனைவி ஸல்காவுக்குத் தம்பி. அன்று காலை ரேடியோவில் நலம் விசாரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

“அக்கா கோவமா இருக்கு மச்சான். நான் கட்டிக்கிட்டது மனுஷனையா மணல்மேட்டையான்னு கேக்குது. உங்க குரலைக் கேக்கணுமாம். கேட்டுட்டுத்தான் உங்க வீட்டுல இருக்கறதா, அம்மா வீட்டுக்கே போயிடறதான்னு முடிவு பண்ணுமாம்.”

“இன்னிக்கே அனுப்பறேன்டா.”

“உருப்படியா பேசுங்க. மழை அளவைச் சொல்லிட்டு வெச்சிடாதீங்க.”

யெஸ்லிம் தன் பேச்சைப் போனில் பதிவு செய்தான். முதலில் நலம் விசாரித்தான். எங்கள் பாலைவனத்துக்காரர்களிடம் அது லேசில் முடிகிற காரியமல்ல. தீங்கு ஒன்றும் இல்லையே, உடம்பு எப்படி, வெக்கை எப்படி, வீட்டார் எப்படி, தீங்கு ஒன்றும் இல்லையே என்று சுற்றிச் சுற்றி வரும். அதன் பிறகுதான் மாற்றல் கேட்டு எழுதியிருப்பதைச் சொன்னான். போகாதே என்றும் சொன்னான்.

ஃபைல் பெரிதாகிவிட்டது. கருவி ஏற்கவில்லை. கணினியில் இருந்த சுருக்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக இழுத்தான். ஜிப்பில் போட்டான், அசையவில்லை. ராரில் துளி குறைந்தது. செவன்-ஜிப்பில் உச்சபட்ச அழுத்தம் வைத்தும் இன்னொரு துளிதான். சுருக்கியதையே மறுபடி சுருக்கினால் கொஞ்சம் ஊதிக்கூடப் போனது. போன் பதிவு செய்யும்போதே பிழிந்துதான் வைக்கிறது. பிழிந்த துணியில் தண்ணீர் ஏது?

மென்பொருள் மேலேயே சந்தேகம் வந்து, தன் வானிலைக் குறிப்புகளை மொத்தமாக அதில் போட்டுப் பார்த்தான். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது. திரும்பத் திரும்ப வருவதை ஒரு தடவை மட்டும் வைத்துக்கொள்கிற அந்த மென்பொருளுக்கு, அவன் அங்கே கழித்த மாதங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நாள்தான். வெயில், காற்று, மணல்.

குரலின் தரத்தைக் குறைத்தால் அளவு குறையும். குறைத்துக் கேட்டான். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசினார்கள். இதை அனுப்புவதற்கு அனுப்பாமலே இருக்கலாம் என்று வெட்ட ஆரம்பித்தான். இருமலை வெட்டினான், இடைவெளிகளை வெட்டினான். போதவில்லை. கடைசியில் நலம் விசாரித்ததை முழுதாக எடுத்துவிட்டான். தகவல் எதுவும் இல்லாத பகுதி அதுதானே என்று நினைத்தான், மடையன். மீதியை செவன்-ஜிப் மயிரிழையில் அடக்கிக்கொடுத்தது. மதியமே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் தஹ்மான் வழக்கத்தைவிட நீளமாக நலம் விசாரித்தான்.

“விஷயத்தைச் சொல்லுடா. கேட்டாளா?”

“கேட்டுச்சு மச்சான். எடுத்த எடுப்புல மாற்றல்ங்கிறாரு, எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை இல்ல, பகையாளிகூட கேப்பானேன்னுச்சு. அப்பவே பொட்டியைக் கட்டிடுச்சு. அம்மா வீட்டுக்குப் போயாச்சு. அங்க சிக்னலும் இல்ல.”

“நலம் விசாரிச்சேன்டா. இடம் பத்தலைன்னு எடுத்துட்டேன்.”

“மத்ததைத்தானே எடுத்திருக்கணும்,” என்றான் தஹ்மான்.

வெட்டியெடுத்த துண்டு கணினியிலேயே கிடந்தது. அனுப்பினாலும் அவளுக்குப் போய்ச் சேராது. யெஸ்லிம் அதை ஓடவிட்டான். தீங்கு ஒன்றும் இல்லையே என்று அவன் குரல் கேட்டது. கேட்டுவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க எங்கள் ஆட்களால் முடியாது.

“ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்,” என்றான், ஆளில்லாத அறையில்.

வெக்கை எப்படி என்றது குரல்.

“பரவாயில்ல.”

வீட்டார் எப்படி என்று கேட்டது. யெஸ்லிம் கை நீட்டிக் குரலை நிறுத்தினான்.