உள்ளிருந்து மூடும் மூடி

எங்கள் தொழிற்சாலையில் தயாராகும் சென்சார்கள் கடுகளவே இருக்கும். அவற்றின் உறையை உள்ளிருந்துதான் மூட முடியும். வெளியிலிருந்து மூடினால் ஈரம் புகுந்துவிடும். அதனால் மூடும் பிரிவில் இருப்பவர்கள் உள்ளே போய், மூடியை ஒட்டிவிட்டு, பசை இறுகுவதற்குள் ஓரத் துளை வழியாக வெளியே வந்துவிடுவார்கள். என் மனைவி ஜெபசீலி அந்தப் பிரிவில் வேலை பார்க்கிறாள்.

அன்று பசை சீக்கிரம் இறுகிவிட்டது. ஜெபசீலி உள்ளேயே இருந்துவிட்டாள்.

சென்சாருக்கு பேட்டரி கிடையாது. சுற்றிலும் இருக்கும் அதிர்விலிருந்து தானே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதிர்வு இருந்தால் உள்ளே விளக்கு எரியும், காற்று வரும், பேசுவது வெளியே கேட்கும். அதிர்வு நின்றால் எல்லாம் நின்றுவிடும். நான் அவளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இயந்திரங்களுக்கு நடுவே வேகமாக நடந்தேன்.

“உடைச்சு எடுத்துடலாமா மேடம்?” என்று மேலாளர் அமுதவாணியிடம் கேட்டேன்.

“உடைச்சா உள்ள இருக்கிற எதுவும் மிஞ்சாதே” என்றார், என் கூடவே நடந்தபடி. “ஆத்துப்பாலத்துல கொண்டுபோய்ப் பொருத்திடுங்க. அங்க லாரி ஓயாம ஓடும்.”

பேருந்தில் ஏறினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். நான் எழுந்து குதித்தேன்.

“என்னங்க, மூச்சு முட்டுது” என்றாள் ஜெபசீலி.

கண்டக்டர் என் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு விசில் கொடுத்தார். பயணிகள் அனைவரும் எழுந்து குதித்தார்கள். கடைசிப் பெட்டி கடந்து போனதும் அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அவளை ஒட்டினேன். லாரிகள் போயின. பாலம் நடுங்கியது. அவள் குரல் தெளிந்தது.

“என்னங்க, மூணாவது தூண்ல விரிசல் ஓடுது. நல்லாக் கேக்குது.”

“வெளிய சொன்னா வண்டியெல்லாம் நிறுத்திடுவாங்க, ஜெபா.”

“அதான் யோசிக்கிறேன்.”

பள்ளிப் பேருந்து ஒன்று எங்களைக் கடந்தது. ஜன்னல்களில் குழந்தைகளின் கைகள் தெரிந்தன. அது அக்கரை போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லிடுங்க” என்றாள்.

சொன்னேன். போலீஸார் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்தார்கள். கடைசி லாரியும் இறங்கிப் போனது. பாலத்தின் மேல் நான் மட்டும் குதித்துக்கொண்டிருந்தேன். அத்தனை பெரிய பாலம் அதற்கெல்லாம் அதிரவில்லை. அவள் ஏதோ சொன்னாள். பாதிதான் காதில் விழுந்தது. சுவரைக் கையால் குத்தினேன். தோல் கிழிந்தது. குரல் நின்றுவிட்டது. மறுபடி குத்தினேன்.

அப்போது பாலம் தன் முதல் தூணை ஆற்றிலிருந்து தூக்கிச் சற்று முன்னால் வைத்தது. பிறகு இரண்டாவதை. மூன்றாவதை அழுத்த முடியாமல் நொண்டியது.

“மெதுவா, மெதுவா” என்று ஜெபசீலி அதனிடம் சொல்வது கேட்டது. “அந்தக் காலை ஊனாதே.”

போலீஸார் தடுப்புகளை நகர்த்தி வழிவிட்டார்கள். பாலம் கரையேறி, எலும்பு மருத்துவமனைக்குப் போகும் சாலையில் திரும்பியது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.