குளத்தின் பாதிக் கரை

கடல் அருளப்புவைக் கொண்டுபோன பிறகு, அவன் மனைவி மாக்கிறேற்றைத் தண்ணீர்ப் பக்கம் யாரும் தனியே விடவில்லை. கடற்கரைக்குப் போனால் பின்னால் யாராவது வந்தார்கள். வளவுக் கிணற்றின் மேல் அருளப்புவின் வலையையே இழுத்துக் கட்டினார்கள். அவன் தங்கை றோஸ்தான் தண்ணீர் அள்ளினாள். படுக்கும்போதும் வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டாள். பாசம்தான். பாசமென்று தெரிந்தபடியால் கோபிக்கவும் வழியில்லை.

மாக்கிறேற் இன்னும் வாய்விட்டு அழவில்லை. தொடங்கினால் நாலுபேர் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள், யாரோ தேத்தண்ணியை நீட்டினார்கள், அழுகை தொண்டையோடு நின்றுவிட்டது. யாருமில்லாத கரையொன்றில் தனியே நடந்தால் அது வரும் என்று நினைத்தாள். கடல் வேண்டாம். அலையடிக்காத தண்ணீர் வேண்டும்.

இறுப்பிட்டியில் தெருவோரம் ஒரு குளம் இருந்தது. கலியாணமான புதிதில் பஸ் யன்னலால் பார்த்தது. சுருவிலில் ஏறி, வங்களாவடிச் சந்தியில் குறிகட்டுவான் பஸ்ஸுக்கு மாறினால் போய்விடலாம். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனத்துக்குள் ஒரு கறுப்புச் சேலையை யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஆனால் தீவுப்பகுதியில் யாரும் ஓர் இடத்துக்குப் போவதில்லை, ஒரு வீட்டுக்குத்தான் போவார்கள். எந்த வீடென்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கும் ஒரு பெயரை ஆயத்தமாக வைத்திருந்தாள். பரமலிங்கம். இறுப்பிட்டியில் ஒரு பரமலிங்கம் இல்லாமலா போவார்?

தவக்காலத் தியானத்துக்கு றோஸ் கோயிலுக்குப் போன அன்று, தலையிடியென்று படுத்திருந்த மாக்கிறேற், காவலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி குசினிக்குள் போன நேரம் பார்த்துப் படலையைத் திறந்தாள்.

இரண்டாவது பஸ்ஸில், மீன் பையோடு ஒருத்தி பக்கத்தில் வந்து இருந்தாள்.

“எந்த ஊர் அக்கா?”

“சுருவில்.”

“இஞ்சை ஆற்றை வீட்டை போறியள்?”

“இறுப்பிட்டியிலை, பரமலிங்கம் அண்ணை வீட்டை.”

“ஐயோ, அவர் என்ரை மாமாவெல்லோ! நான் யசோதரா, மருமகள். சுருவிலிலை ஆக்கள் இருக்கினமெண்டு ஒருநாளும் சொல்லேல்லை, கள்ள மனிசன்! வாங்கோ, நானே கூட்டிக்கொண்டு போறன்.”

பாலத்தின் இருபுறமும் கடல் கிடந்தது. மாக்கிறேற் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கிக் குளத்தடிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். “பிள்ளை, நான் ஒருத்தற்றை வீட்டையும் வரேல்லை. இதிலை கொஞ்சம் தனிய நடக்க வந்தனான்.”

யசோதராவின் சிரிப்பு நின்றது. கறுப்புச் சேலையைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள்.

“நடவுங்கோ அக்கா. நான் இந்த மரத்துக்குக் கீழை இருக்கிறன். எனக்கொரு அலுவலும் இல்லை.”

மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மாக்கிறேற் நடந்தாள். ஓரிடத்தில் நின்று குளத்தைப் பார்த்தாள். திரும்பினால், யசோதரா எழும்பி நிற்கிறாள், காதில் போன். “மாமா, சுருவில் கோயிலுக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ,” என்றது கேட்டது. இவள் நடந்தாள், அவள் மரத்தடியில் இருந்துகொண்டாள். இவள் மறுபடி நின்றாள், அவள் எழும்பினாள்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. போகிற கரையில் தன் முதுகுதான் அவளுக்குத் தெரியும். வளைந்து திரும்புகிற கரையில்தான் முகம் தெரியும். அப்படியானால் பாதிக் கரை தன்னுடையது.

“காத்துச் சரியில்லையெண்டு சொன்னனான் எல்லோ,” என்றாள் அருளப்புவிடம், நடையை நிறுத்தாமல். “கேட்டனீரோ? ஒருநாளாவது என்ரை சொல்லைக் கேட்டனீரோ?” அழுகை வந்தது. வளைவில் முகத்தைத் துடைத்தாள். சுற்றி வந்து மரத்தைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

இன்னும் எவ்வளவோ சொல்ல இருந்தது. அதற்குள் ஒரு ஓட்டோ வந்து நின்றது. கோயில் முக்காடு தோளில் சரிய, றோஸ் ஓடிவந்தாள்.

“மச்சாள்! குளம் பாக்க ஆசையெண்டால் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! ஞாயிறு பூசை முடிய எல்லாருமா வான் பிடிச்சு வந்திருப்பம். சாட்டி மாதா கோயிலுக்கும் போயிருக்கலாம், சோறும் கட்டிக்கொண்டு!” மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். “அழுதனீங்களோ?”

“தூசு.”

“ஞாயிறு வாங்கோ, மாமாவையும் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றாள் யசோதரா, ஆறுதலாக.

ஓட்டோ பாலத்துக்கு வந்தபோது, “பாக்காதேங்கோ மச்சாள்,” என்று றோஸ் உள்ளங்கையால் அவள் கண்களைப் பொத்தினாள். இருட்டாக இருந்தது. அந்தக் கை நனைந்துவிடக் கூடாதென்று மாக்கிறேற் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.