முதலாளி வீட்டுக் குழாய்

விடிவதற்குள் பதினோரு மூட்டை உரத்தைத் தொட்டியில் கரைத்தாக வேண்டும். பம்ப்காரர் மண்வெட்டியால் கலக்கக் கலக்க, தூள் கண்ணை எரித்தது. விரல் வெடிப்புகளில் ஏறிக் காந்தியது. பயிர் குடித்தது போக மிச்சம் பள்ளத்துக்கு இறங்கும் என்று அவருக்குத் தெரியும். பள்ளத்தில்தான் தொழிலாளர் வீடுகளும், அவர்கள் குடிக்கும் கிணறும் இருந்தன.

மூன்று மாதம் முன்பு தண்ணீரைச் சோதிக்க ஆள் வந்தபோது முதலாளி கண்ணைக் காட்டினார். வேலை போய்விடுமோ என்று பயந்த பம்ப்காரர், கிணற்றை விட்டுவிட்டு முதலாளி வீட்டுக் குழாயில் பாட்டிலைப் பிடித்துக் கொடுத்தார். முடிவு நல்லபடி வந்தது. எப்படி வராமல் போகும்!

பள்ளத்தில் குடியிருந்த அவர் தங்கை, தன் கைக்குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரில்தான் பால்மாவு கரைப்பாள். தண்ணீரை நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்டாள். அவருக்கு மனசு உறுத்தியது. நன்றாகச் சுண்டக் காய்ச்சிக் கொடு என்றார். அண்ணன் சொல்லைத் தட்டாமல், பாதியாக வற்றும்வரை காய்ச்சினாள் அவள்.

நேற்று குழந்தையின் உதடும் நகமும் நீலமாகிவிட்டன. உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும் என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். பிள்ளை பிழைத்துக்கொள்ளும், திரும்ப அந்தத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

பம்ப்காரர் மண்வெட்டியைப் போட்டார். கொட்டகையில் வேலைக்குக் கூடியிருந்தவர்கள் நடுவே போய் நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்த தங்கையும் அங்கேதான் இருந்தாள்.

"பாட்டில மாத்திக் கொடுத்தவன் நான்தான்," என்றார். தலை நிமிரவில்லை.

தங்கை கையிலிருந்த துணிப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "என் கையாலயே ஊட்ட வச்சிட்டியே அண்ணா," என்றாள்.

ஒருவர் அடிக்கக் கை ஓங்கினார். களையெடுக்கும் பெண் தடுத்தாள். "இவர அடிச்சா கிணறு சுத்தமாயிடுமா? நடந்தத கலெக்டருக்கு எழுதச் சொல்லுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்."

மனு எழுதி முடியும் நேரத்தில் முதலாளி வந்தார். பம்ப் ஏன் ஓடவில்லை என்று அதட்டினார்.

"குடிதண்ணி லாரி வரட்டும், ஓடும். கிணத்துத் தண்ணிய எங்க கண்ணு முன்னால சோதிக்கணும்," என்றார் பம்ப்காரர்.

"பாட்டில் பிடிச்சது உன் கைதானே? மாட்டினா மொதல்ல நீதான் உள்ள போவே."

"ஆமாங்க. அதத்தான் மொதல் வரியா எழுதியிருக்கேன்."

தங்கை இன்னும் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் பேனாவை வாங்கி, அவர் கையெழுத்துக்கு நேர் கீழே தன் பெயரை எழுதினாள். பின்னால் வரிசை நின்றது.