பதினைந்து தடவை

கணினி ஐந்து என்று சொன்னது. நரெல் டோன்கின் நம்பவில்லை.

சிட்னிக்கு வெளியே ஒரு கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். பன்றிகளுக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாதான் அவர்கள் பாடு. அது மூச்சுக்குழலின் மெல்லிய முடிகளைப் பற்றிக்கொள்ள ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. அந்தப் புரதத்தின் ஓரிடத்தில் ஐந்து அமினோ அமிலங்கள் ஒரே வரிசையில் மறுபடி மறுபடி வருகின்றன: அலனின், அலனின், லைசின், புரோலின், வாலின். பிறகு மீண்டும் அலனின், அலனின். தடவை கூடினால் பிடியும் இறுகுமோ என்று அவர்களுக்குச் சந்தேகம்; எத்தனை தடவை என்பதுதான் கேள்வி.

இரண்டு பண்ணைகளின் கிருமிகளை ஒப்பிட்டிருந்தார்கள். டாம்வொர்த் பக்கத்துப் பன்றிகள் அவ்வளவாக இருமுவதில்லை. கூடமண்ட்ராவில் கோலின் வேர்லியின் பன்றிகளோ கொட்டகை அதிர இருமின. கணினி இரண்டுக்கும் ஐந்து என்றே சொன்னது. நரெலின் வேலை ஜெல் ஓட்டுவது: டி.என்.ஏ. துண்டுகளைக் கூழ்த் தகட்டில் மின்சாரத்தால் ஓடவிட்டால் குட்டையானது கீழே ஓடும், நீளமானது மேலேயே நிற்கும்.

"ரெண்டும் ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பிடலாம்," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் ஹியூ பாஸ்கோ.

"வேர்லி துண்டு ஜெல்லுல மேலயே நிக்குது ஹியூ. கனமா இருக்கு. ஐஞ்சு தடவைன்னா அது இன்னும் கீழ ஓடியிருக்கணும்."

"கணினி தப்பா எண்ணுமா?"

"அது எங்க எண்ணுது? சின்னச் சின்னத் துண்டா படிச்சு ஒட்டுது. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருந்தா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டு, முடிஞ்சுதுங்குது."

பாஸ்கோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நரெல், நீ ஜெல் ஓட்டு. எண்ணுறதை என்கிட்ட விடு."

அவளுக்கு முகம் சிவந்தது. "அப்ப கட்டுரையில இருந்து என் பேரை எடுத்துடுங்க."

அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆறு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

முதல் மூன்று வாரம் வீணாய்ப் போனது. அந்தப் பகுதிக்கான டி.என்.ஏ.வை மட்டும் நகலெடுத்துப் பெருக்கி அளக்கப் பார்த்தாள். ஒரே மாதிரியான டி.என்.ஏ. எழுத்துகளில் நகல் வழுக்கி வழுக்கி, சிலதில் ஆறு, சிலதில் ஒன்பது என்று விழுந்தது. ஜெல்லைப் படமெடுத்த ஃபிலிமில் கோடு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாய் ஒரு தீற்றல்.

"ரொட்டியில வெஜிமைட் பசை தடவின மாதிரி இருக்கு," என்றார் பாஸ்கோ. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நரெல் அந்த ஃபிலிமைக் குப்பையில் போட்டாள்.

நகலே வேண்டாம், கிருமியின் டி.என்.ஏ.வையே நேராக வெட்டி அளந்துவிடுவது என்று முடிவு செய்தாள். வேர்லி கிருமியின் கையிருப்பு அதற்குப் போதாது; கிருமியைப் புதிதாக வளர்க்க வேண்டும். மறுநாள் காலை ஐஸ் பெட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு கூடமண்ட்ராவுக்கு ஓட்டினாள்.

வேர்லி வாசலிலேயே மறித்தார். அறுபது வயது, கை முழுக்கத் தழும்பு. "முதல்ல குளி. தலையும் சேர்த்து. உன் துணி இங்கயே கிடக்கட்டும், உள்ள என் துணி, என் பூட்ஸ்தான்."

"இவ்வளவு கண்டிப்பா?"

"இவ்வளவும் செஞ்சிட்டுத்தான் அழுக்குப் பண்ணைன்னு பேர் வாங்கியிருக்கேன். போன தடவை வந்த டாக்டர் அப்படித்தான் எழுதிட்டுப் போனான். பக்கத்துப் பண்ணை டெரி மதுக்கடையில என்னைப் பார்த்தாலே இருமிக் காட்டுறான்."

அவர் கொடுத்த அரைக்கால் சட்டை அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பாதி கொட்டகை இருமிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு வைக்கோல்கூட இடம் மாறிக் கிடக்கவில்லை. அன்று அறுத்த பன்றியின் நுரையீரலை அவர் தானே பையில் கட்டிக் கொடுத்தார்.

"எதைக் கண்டுபிடிக்கப் போற?"

"உங்க கிருமிக்குக் கை எவ்வளவு நீளம்னு."

"நீளமாத்தான் இருக்கும். என் கழுத்தையில்ல பிடிச்சிருக்கு."

கிருமி மெதுவாகத்தான் வளர்ந்தது. சிவப்பாய் இருந்த வளர்ப்புக் குழம்பு மஞ்சளாக மாறப் பன்னிரண்டு நாள் ஆனது. ஒருமுறை ஜெல் அவள் கையிலேயே இரண்டாய்க் கிழிந்தது. இன்னொன்றை ஊற்றினாள். ஆறாவது வாரத்துப் புதன்கிழமை மதியம், இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டும் ஃபிலிமோடு வந்து அதை பாஸ்கோவின் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள்.

இரண்டே கோடுகள். தீற்றல் இல்லை. டாம்வொர்த் கோடு கீழே, வேர்லி கோடு மேலே.

பாஸ்கோ அளவுகோலை எடுத்தார். அளந்தார். மறுபடியும் அளந்தார். "நூத்தைம்பது எழுத்து வித்தியாசம்."

"மூணு எழுத்துக்கு ஒரு அமிலம். அப்ப அம்பது அமிலம். ஐஞ்சு ஐஞ்சாப் பிரிச்சா பத்து தடவை கூட. டாம்வொர்த்துக்கு ஐஞ்சு சரி. வேர்லிக்குப் பதினஞ்சு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் அனுப்பியிருந்தா ஊர் சிரிச்சிருக்கும்."

"ஆமா."

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே கட்டுரையின் முதல் பக்கத்தை எடுத்து, தன் பெயருக்கு முன்னால் அவள் பெயரை எழுதினார்.

அன்றே வேர்லிக்கு ஃபோன் செய்தாள்.

"பதினஞ்சா?" என்றார் அவர். "அப்ப அழுக்கு இல்லைன்னு எழுதிக் கொடு. டெரி மூஞ்சியில ஒட்டறேன்."

"உங்க கிருமியில பதினஞ்சுன்னு எழுதித் தரேன். அதனாலதான் இருமுதுன்னு இப்ப எழுத முடியாது கோலின். ரெண்டு பண்ணையை வச்சு அவ்வளவு பெரிய பேச்சுப் பேசக்கூடாது."

அந்தப் பக்கம் பென்சில் தேடும் சத்தம் கேட்டது.

"எத்தனை பண்ணை வேணும்?"

"ஒரு இருபது."

"சரி, வை."

பத்து நாளில் ஆய்வுக்கூடத்து வாசலில் பதினொரு ஐஸ் பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் பண்ணையின் பெயரும், பன்றிகள் இருமுமா இருமாதா என்பதும் வேர்லியின் கோணல் எழுத்தில் இருந்தன. ஏழாவது பெட்டி டெரியுடையது. "இவனோடதும் இருமுது, வெளிய சொல்றதில்லை" என்று அதில் எழுதியிருந்தது.

"இன்னும் ஒன்பது பாக்கி," என்றார் பாஸ்கோ.

"வரும்," என்றாள் நரெல். முதல் பெட்டியின் பட்டையை அறுத்தாள். பாஸ்கோ கையுறை மாட்டிக்கொண்டு இரண்டாவதைத் திறந்தார்.