கடல் கடந்த மடவளை வீடு

அரூஸ் தெற்கே காலித் துறைமுகத்திலிருந்து பாய்மரப் படகில் புறப்பட்ட அன்று, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, மலைநாட்டு மடவளையில் அவனுடைய வீடு மிதக்கத் தொடங்கியது. நிலம் ஆடவில்லை. மதில் ஆடவில்லை, முற்றத்து ரம்புட்டான் மரமும் ஆடவில்லை. வீடு மட்டும் மெல்ல எழும்பி, மெல்லத் தாழ்ந்து, பக்கத்து ஜஹானாவின் வீட்டுப் பக்கம் ஒரு சாண் சாய்ந்து நின்றது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஸக்கியா, உருண்டோடிய தக்காளிகளைப் பொறுக்கியபடி, புருஷன் கரையை விட்டுவிட்டான் என்று அறிந்துகொண்டாள்.

அரூஸ் கட்டுகஸ்தோட்டையில் பஸ்களுக்கு சீட் தைக்கிறவன். நீச்சல் தெரியாது; மகாவலியைக்கூடப் பாலத்தின் மேலிருந்துதான் பார்த்திருக்கிறான். உலகம் சுற்றும் டச்சுக்காரத் தம்பதி ஒன்று தங்கள் படகின் மெத்தைகளைப் புதிதாகத் தைக்க ஆள் தேடியபோது யாரோ அவன் பேரைச் சொல்ல, காலிக்குப் போனான். அந்தப் படகில் இரண்டு படுக்கை அறைகள் இருந்தன. குளிர்சாதனப் பெட்டியும் சுடுதண்ணீர்க் குழாயும் இருந்தன. வேலை முடிந்ததும், தைத்த மெத்தை சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க அரூஸ் அதில் சாய்ந்தான். காலமெல்லாம் மற்றவர்கள் உட்காரத் தைத்தவன், தன் தையலில் தானே படுத்தது அன்றுதான். சீஷெல்ஸ் தீவுகள் வரைக்கும் சமைக்கவும் பாய் இழுக்கவும் ஓர் ஆள் வேண்டும், வருகிறாயா என்று அவர்கள் கேட்டபோது எழும்பாமலே தலையாட்டிவிட்டான்.

ஸக்கியாவுக்கு அது பொறுக்கவில்லை. "போறதெண்டா போங்க," என்றாள். "நீங்க வாற வரைக்கும் வாசலப் பாத்துக்கொண்டு ஈக்க எனக்கேலா."  பயணப் பையில் இஞ்சியும் தேசிக்காய் ஊறுகாயும் மட்டும் வைத்தாள். அவன் முச்சக்கர வண்டியில் ஏறியபோது அவள் வாசலுக்கு வரவில்லை.

மண்சரிவாக இருக்கும் என்று பயந்து கிராம சேவகர் அறிவிக்க, கண்டியிலிருந்து ஓர் அதிகாரி வந்து வீட்டுத் தரையில் ரசமட்டம் வைத்தார். குமிழி அங்குமிங்கும் ஓடியது. முற்றத்து மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு, நிலம் உறுதியானது, வீடுதான் பயணத்தில் இருக்கிறது என்றார். பிறகு குடித்த தேத்தண்ணியை ரம்புட்டான் மரத்தடியில் வாந்தியெடுத்துவிட்டுப் போனார். ஸக்கியா சோற்றுப்பானையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். கதிரைகளை ஒன்றோடொன்று பிணைத்தாள். படகு சொகுசானது என்பதால் வீடும் சொகுசாகவே ஆடியது. மூட்டுவலிக்காரியான அவள் தொட்டில் பிள்ளைபோல் தூங்கினாள். காலையில் ஜன்னல் கம்பிகளில் உப்புப் படிந்திருக்கும். சில நாட்களில் வாசலில் பறக்கும் மீன் கிடக்கும். பொரித்தால் நல்ல ருசி, முள்தான் கொஞ்சம் அதிகம். வீடு நேராகப் போனால் டச்சுக்காரர் சுக்கான் பிடிக்கிறார். கோணல்மாணலாகத் திரும்பினால் அரூஸின் முறை. மோட்டார் சைக்கிளையும் அவன் அப்படித்தான் ஓட்டுவான். "நேராப் பிடிங்க," என்று சுவரைப் பார்த்து அதட்டுவாள். கோபம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம், வீடு ஒரேயடியாகச் சரிந்தது. ஊரெங்கும் நல்ல வெயில், இலை அசையவில்லை. ஸக்கியாவின் திரைச்சீலைகள் மட்டும் கிழிந்து பறந்தன, அலுமாரி சறுக்கி வந்து கதவில் மோதியது, கூரை ஓடுகள் ஜஹானாவின் முற்றத்தில் விழுந்து நொறுங்கின. ஜஹானாவின் புருஷன் ஷிராஸ் ஓடிவந்து வாசலில் கைநீட்டி நின்றான்.

"ராத்தா, குதிங்க. தரை அசையல்ல. நான் பிடிச்சுக்கொள்றன்."

ஸக்கியா உயர்ந்து நின்ற குசினிச் சுவரில் முதுகை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். "நான் எறங்கினா ஊடு லேசாப் போகும், தம்பி. அவர் அங்க கவிழ்ந்துடுவார்," என்றாள். "என்ட பாரம் மட்டும் காணாது. நீங்க உள்ளுக்கு வாங்க. எல்லாரயும் வரச் செல்லுங்க."

ஷிராஸ் தன் வீட்டின் மேல் கவிந்து நின்ற சுவரை ஒருமுறை பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினான். பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் ஏறினார்கள். ஜஹானாவும் ஏறினாள். தைக்கக் கொடுத்த சீட் எப்போது கிடைக்கும் என்று கேட்க வந்திருந்த கலஹா பஸ் டிரைவர் திவாகரனும், "அண்ணன் முழுகிட்டா நம்ம சீட்டு என்னாகுறது, தள்ளி ஒக்காருங்க," என்று இடம் பிடித்தார். குசினிச் சுவரோரம் தோளோடு தோள் இடித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். வீடு முனகியது, நெடுநேரம் அப்படியே நின்றது, பிறகு மனம் மாறியதுபோல் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் ஒருவரும் எழும்பவில்லை. ஸக்கியா சுவரில் கன்னத்தை வைத்து, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று சொன்னாள்: "வாசலத்தான் பாத்துக்கொண்டு ஈக்கிறன். வந்து சேருங்க."

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வீடு எதிலோ இடித்து நின்றது. சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"ஸக்கியா, வந்து சேந்துட்டன்."

"தெரியும். கரையில மெதுவா முட்டத் தெரியாதா ஒங்களுக்கு?"

அரூஸ் புயலைப் பற்றிச் சொன்னான். பாய்மரம் தண்ணீரைத் தொட்டுவிட்டது, இனிச் சாவுதான் என்று கலிமாச் சொல்லிவிட்டேன், அப்போது யாரோ மறுபக்கம் வந்து உட்கார்ந்ததுபோல் படகு எழும்பியது, டச்சுக்காரருக்கு இன்னும் விளங்கவில்லை என்றான்.

"அரைவாசி மடவளை உக்காந்திருந்தது," என்றாள் ஸக்கியா. "விளங்காம என்ன."

விமானத்தில் திரும்பி வந்தவன் முதல் வேலையாக ஜஹானாவின் முற்றத்தைக் கூட்டி, ஓடு மாற்றி, குசினிச் சுவர் நெடுக ஒரு நீண்ட மெத்தை தைத்துப் போட்டான். வெள்ளிக்கிழமைகளில் அதில் ஆட்கள் உட்காருவது வழக்கமாகிவிட்டது. அடுத்த வருஷம் டச்சுக்காரர்கள் மறுபடி அழைத்தபோது ஸக்கியா தன் பையையும் கட்டினாள். இப்போது இருவரும் மடகஸ்கார் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள். சாவி ஜஹானாவிடம் இருக்கிறது. காற்று நல்லது போலும், வீடு சீராக ஆடுகிறது. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், சுவர் தன் பக்கம் சாயும்வரை குடையோடு காத்து நின்று, இலக்கங்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போகிறார்.