நோட்டில் ஏறாத மஞ்சள் சாறு

"ஒரு வேளைகூடத் தப்பலக்கா, அலாரம் வெச்சு…"

"அலாரம் மணியத்தான் காட்டும், எத்தன மாத்திரைன்னு காட்டுமா? நீ தையல் மிஷின்ல தலைய விட்டுட்டு…"

"எண்ணித்தான் கொடுக்கறேன், டப்பாவ வந்து பாருங்க…"

மருத்துவமனை மருந்தக வரிசையில் நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தம்பிக்காரன் தன் செருப்பு வாரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எட்டு மாதத்துக்கு முன் அக்கா அவனுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தாள். அதை அவன் உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்காமலிருக்கத் தினம் இரண்டு வேளை மாத்திரை. இன்றைய ரத்தப் பரிசோதனையில் அந்த மருந்து இரண்டு மடங்கு ஏறியிருந்தது. இப்படியே போனால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர் அளவைக் குறைத்து எழுதிவிட்டார்.

அவன் சாப்பிடுவதையெல்லாம் மனைவி ஒரு நோட்டில் எழுதி வந்தாள். அதில் ஏறாதது ஒன்று உண்டு. ஒரு மாதமாக, வேலைக்குப் போகும் வழியில் அக்காவின் சலவைக்கடையில் அவன் குடிக்கும் சாறு. குழம்புக்குப் போடும் சிட்டிகை மஞ்சள் இல்லை. அரை டம்ளர் பச்சை மஞ்சள் சாறு, மேலே மிளகுத்தூள். உள்வீக்கத்தை அடக்கும் என்று கடைக்கு வந்த யாரோ சொன்னது. கிட்னியையே கொடுத்தவளிடம் டம்ளரை வேண்டாமென்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வீட்டில் சொன்னால் வேறு வம்பு.

இரண்டு மடங்கு என்று கேட்டதுமே அக்காவுக்கு அந்தச் சாறுதான் நினைவுக்கு வந்தது. நாளையிலிருந்து நிறுத்திவிட்டால் போயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று உள்ளுக்குள் முடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தம்பி மனைவிமேல் குரல் கூடியது.

அவர்கள் முறை வந்தது. மருந்தாளுநர் அம்மாள் கஷாயம், சாறு, மூலிகைப் பொடி ஏதாவது உண்டா என்று கேட்டாள். மனைவி நோட்டை நீட்டி, ஒன்றுமே இல்லை என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில செடிகொடிச் சத்து இந்த மருந்தை உடம்பு கரைக்க விடாது, ரத்தத்துல ஏத்திடும். நாங்க மாத்திரையக் கொறச்சிருக்கோம். நீங்களும் அத நிறுத்தினா மருந்து ஒரேயடியா எறங்கிரும். அப்புறம் உடம்பு கிட்னிமேல பாய்ஞ்சிரும்."

அக்கா மருந்தக ஜன்னலுக்கு நேரே முன்னால் வந்து நின்றாள்.

"நான் கொடுத்தேன்ம்மா," என்றாள். "மஞ்சச் சாறு. மருந்துன்னு நெனக்கல, சாப்பாடுன்னுதான்."

எத்தனை நாளாக, எவ்வளவு, மிளகு சேர்த்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு, மருந்தாளுநர் சீட்டோடு மருத்துவரைத் தேடிப் போனாள். தம்பி இன்னும் தலை நிமிரவில்லை.

மனைவி குரலை உயர்த்தவேயில்லை.

"நாளைக்கு அத நிறுத்திட்டு வாய மூடிட்டு இருந்திருப்பீங்களாக்கா?"