மூச்சில் மட்டும் சிரத்தை

ரப்பர் விரிப்புகளைத் துவைக்க இன்று ஆயா முத்தாரம்மாள் இல்லை. கௌசல்யா டீச்சரே கல்லில் அடித்துத் துவைத்தாள். மூத்திர நாற்றத்தோடு சோப்புக்காரம் விரல்வெடிப்பில் எரிந்தது. எரியட்டும் என்றிருந்தது அவளுக்கு.

சாலைக் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்துக்குப் பின்னால் அந்தப் பிள்ளைக்காப்பகம். மூன்று டீச்சர், ஒரே ஆயா, நாற்பது பிள்ளைகள். இடுப்பு ஒடிகிறது, இன்னொரு ஆயா வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி சாம்பசிவன் தியான மாஸ்டரை வரவழைத்தார். "மனசு அடங்கினா வேல பாரமாத் தோணாது டீச்சரே." யானைப் பசிக்குச் சோளப்பொரி!

நேற்று டீச்சர்மார் மூவரும் மாடியில் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். "சிரத்தை மூச்சில் மட்டும்" என்றார் மாஸ்டர். கீழே செல்வகணேஷ் வீறிட்டான். கௌசல்யாவுக்குக் கேட்டது. ஆனாலும் கண் திறக்கவில்லை. பலநாள் கழித்து உடம்பு இளைப்பாறியது. அந்தச் சுகத்தை விட மனமில்லை. இறங்கி வந்தபோது, கதவிடுக்கில் நசுங்கிய விரலோடு பிள்ளை முத்தாரம்மாளின் மடியில் துடித்துக்கொண்டிருந்தான். அப்போது கீழே இருந்தது அவள் ஒருத்திதான்; அடுக்களையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

"முத்தாரம்மா, நாளைலருந்து நீ வரண்டாம்" என்று பழியை அவள் மேல் போட்டார் சாம்பசிவன். கௌசல்யா வாய் திறக்கவில்லை. பாவி, பாவி என்று ராத்திரியெல்லாம் நெஞ்சு இடித்தது.

விரிப்பைப் பிழிந்தபடி மற்ற இருவரிடமும் சொன்னாள். "எனக்குக் கேட்டுச்சு. நான் கண்ணத் தொறக்கல."

பிரேமா வாளியைக் கீழே வைத்தாள். "எனக்கும் கேட்டுது டீச்சரே."

மாடம்மாள் முந்தானையால் முகத்தை மூடி அழுதாள்.

மாஸ்டர் வந்தும் மூவரும் மாடியேறவில்லை. "எந்தா, தியானம் வேண்டாமா?" என்று சாம்பசிவன் இறங்கி வந்தார்.

"முத்தாரம்மாக்கா வரட்டும். இன்னொரு ஆயாவும் வரட்டும். அதுவரை எங்க சிரத்த பிள்ளைங்க மேலதான்" என்றாள் கௌசல்யா.

"அப்ப நீங்களும் போலாம். ஆளுக்கா பஞ்சம்?"

"போறோம். பிள்ளைங்களப் பெத்தவங்ககிட்டச் சொல்லிட்டுப் போறோம்."

விரலில் கட்டுப்போட்ட செல்வகணேஷைத் தூக்கிக்கொண்டு அவன் அப்பா பகவதிப்பெருமாள் வாசலுக்கு வந்தான். அரிசிமண்டியில் மூட்டை தூக்குகிறவன். "மிண்டாம இருங்க, வாயத் தொறக்கப்படாது" என்று சாம்பசிவன் பல்லைக் கடித்தார்.

கௌசல்யா பகவதிப்பெருமாள் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, நேத்து பிள்ள அழுதது எங்களுக்குக் கேட்டுச்சு. மாடியில கண்ண மூடி இருந்தோம். கேட்டும் தொறக்கல. அக்கா மேல தப்பில்ல."

அவன் முகம் கறுத்தது. "ஒங்கள மன்னிக்க எனக்கு மனசு வரல டீச்சரே."

"வேண்டாம்ணே."

அவன் சாம்பசிவனைப் பார்த்தான். "அந்த அம்மா வரட்டும். அப்புறம் பிள்ளைய விடுதேன்." படியில் உட்கார்ந்தான். பின்னால் வந்த தாய்மார் என்னவென்று விசாரித்து, பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றார்கள்.

மூன்று டீச்சர்களும் போய் அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்கள். செல்வகணேஷ் விசும்பினான். மூவரும் ஒரேசமயம் திரும்பிப் பார்த்தார்கள்.